மையும் பளபளப்பும்

சென்ற வருஷம் நண்பர் ஒருவரின் நினைவுக் கூட்டத்தில் மேஜைமேல் வைக்க அவருடைய படம் வேண்டியிருந்தது. என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததையே கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் அருகில் வந்தார். "செபியாவில் பிரிண்ட் போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது, சார்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் படம் செபியாவில் போடப்பட்டதல்ல. 2001-ல் கறுப்பு வெள்ளையாக, பளபளக்கும் தாளில், இங்க்ஜெட் இயந்திரத்தில் எடுத்த பிரதி. சாம்பலை உண்டாக்கிய சாயங்களில் நீலம் முதலில் செத்துவிட்டது. மிஞ்சிய சிவப்பும் மஞ்சளும்தான் அவர் கண்ட செபியா. ஒரு அழிவை அவர் பாணியாக எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இலக்கியத்திலும் இப்படி எத்தனையோ நடந்திருக்கிறது.

படம் 1978-ல் எடுத்தது. எங்கள் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்த அச்சகத்தின் வாசற்படியில் நண்பர் புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் முகத்தில் பாதி. பின்னால் திறந்த கதவும் இருட்டும். அந்த இருட்டுக்குள் டிரெடிலின் சக்கரம், அதன் விளிம்பு மட்டும், மெல்லிய கோடாக. இதை எடுத்த நண்பர் அப்போது போஸ்ட்கார்டு அளவில் ஒரே ஒரு புரோமைட் பிரதி போட்டுக் கொடுத்தார். தாள் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' தாள். 1960-ல் நிறுவி 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய தொழிற்சாலை, இப்போது இல்லை. அந்தச் சிறு பிரதி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஓரம் மடங்கியிருக்கிறது, மூலையில் பழைய பசையின் கறை இருக்கிறது, கறுப்பு மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. சக்கரமும் தெரிகிறது. 2001-ல் பெரிதாக்க வேண்டுமென்று நெகட்டிவைக் கொடுத்த கடை, ஸ்கேன் செய்த குறுந்தகட்டையும் பிரதியையும் தந்தது. நெகட்டிவ் உறையும் வந்தது. உறைக்குள் நெகட்டிவ் இல்லை.

கடைக்காரரிடம் சண்டை போட்டதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. கூட்டத்திலிருந்து திரும்பிய இரவு இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எழுந்த கேள்வியைத்தான் இங்கே பேச நினைக்கிறேன். கறுப்பு என்று நாம் சொல்வது எதை? ஒரு மையும் ஒரு தாளும் சேர்ந்து கொடுக்கும் அந்த இருட்டைத் தேர்ந்தெடுப்பது ரசனையா, சரக்கு கிடைத்த விதமா?

சிறு பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஹாஃப்டோன் பிளாக் போட்டு எழுத்தாளர் படம் அச்சடித்த அனுபவம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். பெரிய புள்ளியும் சிறிய புள்ளியும் சேர்ந்து கண்ணை ஏமாற்றிச் சாம்பலாக்குகின்றன. சாதாரணத் தாளென்றால் அங்குலத்துக்கு அறுபத்தைந்து கோடு ஸ்கிரீன். நூற்றிருபது, நூற்று முப்பத்து மூன்று வேண்டுமானால் ஆர்ட் பேப்பர் வேண்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் வாங்க நம்மிடம் காசு கிடையாது. ஆகவே முகங்கள் கரியாக விழுந்தன. பிறகு அதையே நாம் ஒரு தோரணையாக ஆக்கிக்கொண்டோம். படமே வேண்டாம், கோட்டோவியம் போதும், லைன் பிளாக்கின் முரட்டுக் கறுப்புதான் நவீனம் என்றெல்லாம் சொன்னோம். சொன்னதில் உண்மையும் இருந்தது. ஆனால் அந்த உண்மைக்குள் ஆர்ட் பேப்பரின் விலையும் இருந்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

புகைப்படத்தின் வரலாற்றில் இதே நாடகம் இன்னும் பெரிய மேடையில் நடந்திருக்கிறது. வில்லியம் வில்லிஸ் 1873-ல் இங்கிலாந்தில் பிளாட்டினம் அச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பிரதியில் உலோகம் தாளின் நாருக்குள்ளேயே படிந்துவிடும். மேற்பரப்பில் மினுமினுப்பு கிடையாது. கறுப்பு ஆழமாக இராது, ஆனால் சாம்பலின் படிகள் நீண்டு நீண்டு போகும். புகைப்படம் கலை என்று நிரூபிக்கப் பாடுபட்ட ஒரு தலைமுறைக்கு அந்த மங்கல் பரப்பே கலையின் அடையாளமாயிற்று. பளபளப்பு கடைத்தெருச் சரக்கு. முதல் உலகப் போர் வந்தது. பிளாட்டினத்தின் விலை ஏறி, தாள் கிடைப்பது அருகிப் போயிற்று. தேவாலயங்களின் உட்புறத்தை ஒளியாக மட்டுமே கண்ட ஃபிரெடரிக் எவன்ஸ் அந்தத் தாள் இல்லாமற்போனதும் தொழிலையே விட்டார். மற்றவர்கள் வெள்ளி புரோமைடுக்கு வந்தார்கள். எட்வர்ட் வெஸ்டன் 1930 வாக்கில் பளபளக்கும் தாளுக்கு மாறினார். 1932-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் அவரும் ஆன்செல் ஆடம்ஸும் இமோஜன் கன்னிங்ஹாமும் மற்றவர்களும் எஃப்/64 என்ற குழுவாகக் கண்காட்சி வைத்தபோது, வழவழத் தாள் ஒரு கொள்கையாகிவிட்டது. கூர்மை, தெளிவு, பொய்யில்லாத பரப்பு. இருபதே வருஷத்தில் கலையின் லட்சணம் தலைகீழ். வெஸ்டனின் கண் மாறியது என்பது உண்மை. உலோகச் சந்தையும் மாறியிருந்தது என்பது அதே அளவுக்கு உண்மை. முதலாவதைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன.

பளபளப்பு கறுப்புக்கு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் ஸ்தூலமாகச் சொல்லியாக வேண்டும். சொரசொரப்பான பரப்பில் விழும் வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறுகிறது. எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் அதில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்து, கறுப்பின்மேல் மெல்லிய வெள்ளைத் திரையாகப் படிகிறது. வழவழப்பான பரப்பு அதே வெளிச்சத்தைக் கண்ணாடிபோல ஒரே திசையில் திருப்பிவிடுகிறது. தலையைச் சற்றே நகர்த்தினால் அது நம்மை விட்டு விலகிப் போகும். கறுப்பு கறுப்பாகத் தெரியும். அடர்த்தியை அளக்கும் கருவியில் 2.0 என்றால் விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கு திரும்புகிறது என்று பொருள். மேட் தாளில் நல்ல மைகூட 1.6, 1.7-ல் நின்றுவிடும், அதாவது நூற்றில் இரண்டு பங்குக்குமேல் திரும்பி வருகிறது. பளபளக்கும் தாளில் 2.3-ஐத் தொட முடியும்; அரைப் பங்குதான் திரும்பும். கணக்கில் சிறிய வித்தியாசமாகத் தோன்றுகிறது. என் நண்பரின் முதுகுக்குப் பின்னாலிருக்கிற சக்கரம் இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது.

இங்க்ஜெட்டின் பிறப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைத்துளியைத் தெறிக்கவிடும் வித்தை பல இடங்களில் பல பேருக்குத் தோன்றியது. 1977-ல் ஜப்பானில் கானன் நிறுவனத்தின் இச்சிரோ எண்டோ, சூடான பற்றவைப்புக் கோல் மை நிறைந்த ஊசியில் தற்செயலாகப் பட்டு, மை தெறித்ததைக் கண்டார் என்பது பிரசித்தமான கதை. எப்ஸன் வேறு வழியில் போயிற்று. மின்சாரம் பாய்ந்தால் வளையும் படிகத்தைக் கொண்டு துளியை அழுத்தித் தள்ளியது. சூடு தேவைப்படாததால் பலவகை மைகளுக்கு அது இடம் கொடுத்தது. இந்தச் சின்ன விஷயத்தைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

கலைக்கு இதைக் கொண்டுவந்தது இந்த இரண்டுமல்ல. மாசசூஸெட்ஸில் செய்யப்பட்ட ஐரிஸ் 3047 என்ற ராட்சசன். உருளையில் தாளைச் சுற்றிச் சுழலவிட்டு, கண்ணாடி நுண்குழாய்களிலிருந்து நொடிக்குப் பத்து லட்சம் துளி வீதம் பீய்ச்சும் இயந்திரம். விலை 1,26,000 டாலர். விளம்பர ஏஜென்சிகள் அச்சுக்குப் போகுமுன் புரூஃப் பார்க்கச் செய்யப்பட்டது. புரூஃபுக்கு ஆயுள் எதற்கு? அதன் மை வெறும் சாயம். சில வருஷங்களில் வெளுத்துவிடும்.

அதைத் திசைதிருப்பியவர் ஒரு பாடகர். க்ராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் குழுவின் கிரஹாம் நாஷ். அவர் புகைப்படக்காரர், சேகரிப்பாளரும்கூட. 1990-ல் நியூயார்க்கில் அவர் படங்களின் காட்சிக்கு நாள் குறித்தாயிற்று. மூல நெகட்டிவ்களும் பிரதிகளும் ஒரு புத்தக முகவருக்கு அனுப்பிய வழியில் தொலைந்துபோயிருந்தன. காண்டாக்ட் பிரதிகள் மட்டும் மிச்சம். டிஸ்னியில் வேலை பார்த்த டேவிட் கூன்ஸ் அவற்றைப் பெரிதாக்கி, ஐரிஸில் அச்சிட்டுக் கொடுத்தார். இந்தத் தகவலை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நெகட்டிவைத் தொலைப்பதில் கண்டங்களுக்கிடையே வேற்றுமை இல்லை. நாஷ் பிறகு ஒரு ஐரிஸை வாங்கினார். 1991-ல் மாக் ஹோல்பர்ட்டுடன் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் தொடங்கியது. தடித்த நீர்வண்ணத் தாள் உள்ளே போகவேண்டும் என்பதற்காக இயந்திரத்தின் ஒரு பகுதியை அறுத்தே எடுத்தார்கள். அறுத்த கணத்திலேயே உத்தரவாதம் காலாவதி. அந்த இயந்திரம் 2005-லிருந்து ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கே வேலை செய்த ஜாக் டுகான் 'இங்க்ஜெட்' என்ற சொல் கலைக்கூடத்தில் எடுபடாது என்று, பீய்ச்சுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'ழிக்லே' என்ற பெயரை உண்டாக்கினார். இந்தப் பெயரை நான் பயன்படுத்தப் போவதில்லை. ஒரு பொருளுக்குக் கௌரவம் வேண்டுமென்றால் பெயரை வேற்று மொழியில் வைப்பது நமக்கும் நன்றாகத் தெரிந்த உபாயம்தான்.

கவனிக்க வேண்டியது வேறு. ஐரிஸ் பிரதிகள் பெரும்பாலும் மேட் தாளில், நீர்வண்ணத் தாளில் வந்தன. ஆகவே கலை அச்சு என்றால் பருத்தி நாரில் செய்த மங்கல் தாள் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அவசியத்திலிருந்து ஒரு கோட்பாடு மறுபடியும் பிறந்தது.

மேஜைமேல் வைக்கும் இயந்திரங்கள் 1990-களின் நடுவில் வந்தன. எப்ஸன் 1994-ல் 720 புள்ளி நுண்மையை எட்டியது. இந்த வகை இயந்திரங்களில் நிறுவனங்கள் ஊற்றிய மை அநேகமாகச் சாயமே. சாயம் கரையக்கூடியது, தாளின் பூச்சுக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும். மேலே தாளின் வழவழப்பு குலையாமல் இருக்கும். ஆகவே பளபளக்கும் தாளில் சாயமை கொடுத்த கறுப்பு, பார்த்த அன்றைக்கு, புரோமைடையே தோற்கடித்தது. 2001-ல் கடையில் என் கையில் கொடுத்தபோது நானே அப்படி நினைத்தேன்.

ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பே உண்மை வெளிப்பட்டிருந்தது. 2000-ல் எப்ஸன் 870, 1270 என்ற இரண்டு இயந்திரங்களைப் பெரும் பரபரப்போடு கொண்டுவந்தது. பளபளக்கும் தாளில் பத்தாண்டு வரை தாங்கும் என்ற கணிப்பும் கூடவே வந்தது. சில ஊர்களில், சில வீடுகளில், பிரதிகள் சில நாட்களிலேயே ஆரஞ்சு நிறமாயின. வேறு சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் குறைப்பட்டவர்களை யாரும் நம்பவில்லை. குற்றவாளி வெளிச்சம் அல்ல, காற்று. காற்றிலிருக்கும் ஓஸோன் நீலச் சாயத்தைத் தின்கிறது. அந்தத் தாளின் பூச்சு சிலிக்கா போன்ற நுண்துகள்களால் ஆன, துளை துளையான பூச்சு. மை உடனே உலர வேண்டும், கையில் ஒட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மைக்கு வழிவிட்ட துளை காற்றுக்கும் வழிவிட்டது. ஜெலட்டின் மாதிரியான பூச்சுக்கொண்ட பழைய வகைத் தாள்கள் மையை விழுங்கி வீங்கி மூடிக்கொள்ளும். உலர நேரமாகும், ஈரம் பட்டால் கெடும், ஆனால் சாயத்தைக் காப்பாற்றும். அவசரத்துக்கும் ஆயுளுக்கும் இடையில் சந்தை எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹென்றி வில்ஹெல்மைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1960-களில் அமெரிக்க அமைதிப் படைத் தொண்டராகப் பொலிவியாவின் ஈரக் காட்டுப் பகுதியில் இருந்தபோது, புகைப்படங்கள் கண்ணெதிரே கெடுவதைப் பார்த்து இந்த விஷயத்தில் இறங்கியவர். 1993-ல் கரோல் ப்ரௌவருடன் சேர்ந்து வண்ணப் புகைப்படங்களின் நிலைப்பைப் பற்றி அவர் வெளியிட்ட பெரும் புத்தகம் ஒரு தொழிலின் மனசாட்சியைக் குத்தியது. அயோவாவின் க்ரினெல் என்ற சிற்றூரிலிருந்து, கடும் விளக்குகளின் கீழ் பிரதிகளைக் காயவைத்து, வீட்டு வெளிச்சத்தில் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டு, இத்தனை வருஷம் என்று சொல்வார். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துச் செய்த சோதனையில் ஓஸோன் வந்து உட்காரவில்லை. அவர் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. பிறகு அவரே ஓஸோன் சோதனையையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு ஒட்டாதது அந்த எண்ணைப் பெட்டிமேல் அச்சடிக்கும் வியாபாரம். எதிர்பார்ப்பு வாக்குறுதியாக மாறுவது அந்த அட்டைப்பெட்டியில்தான் நடக்கிறது. நூறு வருஷம் நிற்கும் நாவல் என்று பின்னட்டையில் எழுதுகிறவர்களும் எந்தச் சோதனையும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

2000-லேயே எப்ஸன் 2000பி என்ற இன்னொன்றையும் வெளியிட்டது. சாயத்துக்குப் பதில் நிறமித் துகள். கரையாத, கல்போன்ற பொடி. இருநூறு வருஷம் என்றார்கள். நிலைப்பு வந்தது, கறுப்பு வெள்ளை கெட்டது. காரணம் எளிது, ஆனால் இதில்தான் எல்லா முடிச்சும் இருக்கிறது. இயந்திரத்தில் இருந்த கறுப்பு ஒன்றே ஒன்று. சாம்பல் வேண்டுமென்றால் கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அப்போது வெளிறிய இடங்களில், முகத்தில், புள்ளி கண்ணுக்குத் தெரியும். அது ஹாஃப்டோன் பிளாக்கின் பழைய சங்கடம். இல்லையென்றால் நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பலைப் பொய்யாகச் செய்ய வேண்டும். அந்தப் பொய் ஒரு விளக்கின் கீழ் மட்டும்தான் செல்லும். 2000பி பிரதிகள் பல்பின் கீழ் சாம்பலாகவும் ஜன்னலோரத்தில் பச்சையாகவும் இருந்தன. ஒரே படம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

இதற்கு மாற்றைச் சொன்னவர் ஒரு கைவினைஞர். ஜான் கோன், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டாப்ஷம் என்ற கிராமத்தில் அச்சுப் பட்டறை வைத்திருப்பவர். பட்டுத்திரை அச்சு, செதுக்கு அச்சு என்று வளர்ந்து ஐரிஸுக்கு வந்தவர். அவர் யோசித்தது இவ்வளவுதான்: வண்ணம் வேண்டாதவனுக்கு வண்ண மை எதற்கு? எப்ஸன் இயந்திரத்தின் வண்ணக் குப்பிகளை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் கறுப்பின் வெவ்வேறு நீர்த்த படிகளை ஊற்றினார். 2000-ல் பியஸோகிராஃபி என்ற பெயரில் வந்தது. முதலில் நான்கு படி, பிற்பாடு ஏழு. சூடில்லாமல் அழுத்தும் அந்தப் படிகத் தலை வெளியார் மையையும் மறுக்காமல் துப்பியது இங்கேதான் உதவிற்று. வெளிறிய சாம்பலுக்கு வெளிறிய மை; புள்ளிகள் நெருங்கி நின்றாலும் கண்ணில் படாது. நூறு வருஷம் அச்சுக்கலையைப் பிடித்திருந்த ஹாஃப்டோன் சாபத்தை ஒருவர் குப்பியை மாற்றித் தீர்த்தார். ராய் ஹாரிங்டன் என்பவர் எழுதிய குவாட்டோன்ரிப் என்ற மென்பொருள், எந்தப் படியை எந்த இடத்தில் எவ்வளவு விடவேண்டும் என்பதைச் சாதாரணமானவர்களும் தீர்மானிக்கும்படி செய்தது. இதைப் பெரிய நிறுவனங்கள் செய்யவில்லை. சிறு கூட்டம் செய்தது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். மறைக்க வேண்டியதில்லை.

அந்த மையின் பொருள் கரி. புகைக்கரி. மை என்ற நம் சொல்லிலேயே கறுப்பு இருக்கிறது. விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துச் சேர்த்த கரியைக் குழைத்தால் கண்ணுக்கும் மை, எழுத்துக்கும் மை. ஓலையில் எழுத்தாணி கீறியதும் கீறலில் தேய்த்ததும் அந்தக் கரிதான். கரியை வெளிச்சமும் தின்னாது, ஓஸோனும் தின்னாது. ஆனால் கரி சுத்தமான கறுப்பல்ல, நீர்த்தால் பழுப்படிக்கும். துகள் நுணுகநுணுகப் பழுப்பு கூடும். நடுநிலையான சாம்பல் வேண்டுமென்றால் கொஞ்சம் நீலமும் மெஜந்தாவும் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் அவை என்றாவது வெளுக்கும், சாம்பலின் நிறம் நகரும். நிரந்தரமா, நடுநிலையா? இரண்டையும் முழுசாகக் கொடுக்கும் மை ஒன்று இன்றுவரை இல்லை.

கரிமையும் மேட் தாளும் சேர்ந்து அடுத்த சில வருஷங்களில் ஒரு மதமாகவே ஆயின. பருத்தித் தாள், இலேசான பழுப்பு, வெல்வெட் கறுப்பு. பளபளப்பு விரும்புகிறவன் ரசனையற்றவன். பிளாட்டினம் காலத்துப் பேச்சு அட்சரம் பிசகாமல் திரும்பி வந்தது. அந்தப் பிரதிகளில் பல மிக அழகானவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறமித் துகளைப் பளபளக்கும் தாளில் வைக்க முடியாததால்தான் இந்த ரசனை உயர்ந்த ரசனையாயிற்று என்பதை அதன் பூசாரிகள் சொன்னதில்லை. துகள் பூச்சுக்குள் இறங்காது. மேலே உட்காரும். மை விழுந்த இடம் ஒரு மினுப்பு, விழாத வெள்ளை வேறு மினுப்பு. சாய்த்துப் பார்த்தால் கறுப்பின்மேல் வெண்கலத்தை உரசிய மாதிரி ஒரு நிறம் ஓடும். மேட் தாளுக்கு ஒரு கறுப்பு, பளபளக்கும் தாளுக்குப் பிசின் கலந்த வேறு கறுப்பு. முந்தையதைப் பளபளப்பில் அடித்தால் விரலோடு வரும். பிந்தையதை மேட்டில் அடித்தால் சோகையாக இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும்போது குழாயிலிருக்கும் மை கழிவுத் தொட்டிக்குப் போகும். அது சில இயந்திரங்களில் சின்னச் செலவல்ல. இரண்டு கறுப்புக்கும் தனித்தனித் துளை கொடுத்த எப்ஸன் பி900 வரும்வரை, அதாவது 2020 வரை, பலர் ஒரு கட்சியில் சேர்ந்து அங்கேயே இருந்துவிட்டதற்குத் தத்துவத்தைவிட இந்தக் குழாயே காரணம்.

பளபளப்பு படிப்படியாக மீண்டது. 2004-ல் எப்ஸன் ஆர்800-ல் நிறமற்ற பிசின் குப்பி ஒன்று சேர்ந்தது. மை விழாத இடத்தில் அது விழுந்து மினுப்பைச் சமன் செய்யும். 2005-ல் மூன்று கறுப்புகள் கொண்ட கே3 மைகள். சாம்பலில் வண்ணத்தின் பங்கு சுருங்கி, ஜன்னல் பச்சை அநேகமாக ஒழிந்தது. 2006-ல் எச்பி இஸட்3100 நான்கு கறுப்பும் சாம்பலும் ஒரு மினுப்பு மையும் சேர்த்தது. 2011-ல் கானன் ப்ரோ-1 ஐந்து. கோனும் பளபளப்புக்கு வந்தார்: பிரதியை உலரவிட்டு, மறுபடி உள்ளே செலுத்தி, நிறமற்ற பூச்சை முழுப் பரப்பிலும் அடிக்கும் முறை. மேட் மதத்தின் ஆதி குரு மினுப்புத் தைலம் விற்கலானார் என்று கேலி செய்யலாம். நான் செய்ய மாட்டேன். எந்த மாற்றத்தையும் அவர் தத்துவமாகத் திரிக்கவில்லை, பட்டறைக்காரராகவே பேசினார். வேறு சிலர் பிரதியின்மேல் வார்னிஷ் தெளித்தார்கள். பால் ஸ்ட்ராண்ட் தன் பிரதிகளுக்கு வார்னிஷ் பூசியது நினைவுக்கு வருகிறது. மங்கல் தாளில் ஆழமான கறுப்பு வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது.

தாளின் பக்கம் நடந்ததுதான் முக்கியம். 2007 வாக்கில் பேரைட்டா தாள்கள் வரிசையாக வந்தன. 1584-லிருந்து காகிதம் செய்துவரும் ஜெர்மனியின் ஹானெமூலே, இங்கிலாந்தில் பழைய இல்ஃபோர்டின் வழிவந்த ஹார்மன், பிறகு பிரான்ஸின் கான்ஸன். பேரைட்டா என்பது பேரியம் சல்ஃபேட். புரோமைட் தாளில் ஜெலட்டினுக்கு அடியில் வெண்மைக்காகப் பூசப்பட்டுவந்த அதே வெள்ளைப் பொடி. நாருள்ள கனமான தாள், அதன்மேல் பேரைட்டா, அதன்மேல் மைவாங்கும் பூச்சு. பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. தாளின் கண்ணாடி மினுப்பு இதில் இல்லை. நம் ஸ்டூடியோக்களில் புரோமைடைக் கிளேஸிங் தகட்டில் ஒட்டி உலர்த்துவார்கள், முகம் பார்க்கலாம்போல மின்னும். அப்படிச் செய்யாமல் கொடியில் காயவிட்டால் பரப்பு இலேசாக நெளிந்து அடங்கிய ஒளியோடு இருக்கும். ஆடம்ஸ் வழியினர் விரும்பியது அதைத்தான். இன்றைய பேரைட்டா தாள்கள் நகல் செய்வதும் அதைத்தான். ஆக, எழுபத்தைந்து வருஷம் கழித்து 1932-க்கு வந்து சேர்ந்தோம், இருட்டறை இல்லாமல்.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் சில தாள்களின் கண்ணைப் பறிக்கும் வெண்மை, சலவைத் தூளில் சேர்ப்பதுபோன்ற ஒளிரும் பொருளால் வருவது. புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். நாளடைவில் அந்தச் சக்தி தீர்ந்து, தாள் தன் உண்மையான மஞ்சளுக்குத் திரும்பும். மையைக் கரியாக்கி, தாளை நீலமிட்ட வேட்டியாக வைத்திருப்பதில் பிரயோஜனமில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் இந்த வருஷம் குறுந்தகட்டிலிருந்த கோப்பை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் சிறிய அச்சறை வைத்திருக்கும் இளைஞரிடம் போனேன். இரண்டு இயந்திரம் வைத்திருக்கிறார். ஒன்றில் ஏழு படிக் கரி, ஒன்றில் நிறுவனத்தின் நிறமி மை. முதலில் கரியில், வெண்மையூட்டாத பருத்தித் தாளில் போடச் சொன்னேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஒருமுறை ஏமாந்தவன் ஆயுளைத்தான் முதலில் கேட்பான். பிரதி வெளியே வந்தபோது இருவரும் பேசவில்லை. முகம் அற்புதமாக இருந்தது. கன்னத்து எலும்பின் கீழிருக்கும் நிழலில் எத்தனை படிகள்! 1978 பிரதியிலும் நான் பார்க்காத மயிர்க்கால்கள்.

"சக்கரம் எங்கே?" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இருக்கு, சார். ஃபைல்ல இருக்கு. தாள்ல வரல" என்றார்.

இருட்டைத் தூக்கி, சக்கரத்தை வெளிக்கொண்டுவரலாம் என்றார். செய்தும் காட்டினார். சக்கரம் வந்தது, வாசலின் இருட்டு போய்விட்டது. அவர் உட்கார்ந்திருந்த இடம் ஏதோ மேகத்துக்கு முன்னால்போல ஆயிற்று. அந்த அச்சகத்தில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் எழுத்துக் கோப்பார்கள். இருட்டு கறுப்பாகவே இருக்க வேண்டும், அதற்குள் சக்கரமும் இருக்க வேண்டும். நண்பரின் கவிதையைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடியதும் ஏறக்குறைய இதுதான்.

பிறகு நிறமி மையில், வெண்மையூட்டாத பேரைட்டாவில். ஒரு நாள் உலரவிட்டு மறுநாள் பார்த்தோம். சக்கரம் இருந்தது. போஸ்ட்கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருட்டின் ஆழத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியவில்லை. முகம் கரிப் பிரதியளவுக்கு இல்லை. சாம்பலில் எங்கோ கொஞ்சம் வண்ணம் கலந்திருக்கிறது. அது என் காலத்துக்குப் பின் எங்கே நகருமோ தெரியாது. சாய்த்தால் நெற்றியின் ஓரத்தில் வெண்கலம் ஓடுகிறது. "வார்னிஷ் அடிக்கலாமா, சார்?" என்று கேட்டார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

கரிப் பிரதியைச் சுருட்டி, நண்பரின் மகளிடம் கொடுத்தேன். அப்பாவின் முகம் அவளுக்குப் போதும். பேரைட்டா பிரதியைக் கண்ணாடி போட்டு, பழைய இடத்திலேயே மாட்டினேன். மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னலின் வெயில் நேரே அதில் விழுந்து, சக்கரம் இருந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. ஆணியைப் பிடுங்கி, ஜன்னல் இருக்கும் சுவரிலேயே அடித்திருக்கிறேன். இப்போது வெயில் அதன்மேல் படுவதில்லை. பார்க்க வேண்டுமென்றால் பகலிலும் விளக்கைப் போட வேண்டியிருக்கிறது.